ஓடிப் போனவர் அடித்த கோல்

1998-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 22-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை. அன்று பொழுது விடிவதற்கு முன்பே செக் நாட்டில் வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. பாட்டி முதல் பேரன் வரை டெலிவிஷன் பெட்டி முன்னால் உட்கார்ந்து இருந்தார்கள்.

ஜப்பானில் உள்ள நகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயம். அதில் ஐஸ் ஆக்கி இறுதி ஆட்டம். ஒரு பக்கம் செக் கோஷ்டி. எதிர்ப்பக்கம் ரஷியா. 40 நிமிடம் ஆகியும் யாரும் கோல் போடவில்லை. கடைசிப் பகுதி தொடங்கி 8 நிமிடம் கழிந்தது. தூரத்தில் நின்ற ஒரு தடுப்பு ஆட்டக்காரர் மட்டையை ஓங்கி அடித்தார். கோல்!

அந்த ஒரு கோல்தான் அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல். செக் நாட்டுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

கோல் அடித்தவர் பெட்ர் ஸ்வோபோடா. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பு, அரசாங்கத்துக்குத் தெரியாமல் நாட்டை விட்டு ஓடியவர் அவர்! செக் மொழியில் “ஸ்வோபோடா” என்றால் “விடுதலை” என்று பொருள். கதைக்காக வைத்த பெயர் அல்ல. அவருடைய குடும்பப் பெயரே அதுதான்.

பனிக்கட்டி மேல் ஆட்டம்

ஐஸ் ஆக்கி நமது ஆக்கி போன்றது அல்ல. மைதானமே பனிக்கட்டிதான். ஆட்டக்காரர்களின் பூட்சுக்கு அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு இருக்கும். அதன்மேல் வழுக்கிக்கொண்டு பறப்பார்கள். பந்து கிடையாது. 3 அங்குல அகலமும் ஓர் அங்குல கனமும் உள்ள ரப்பர் வட்டைத்தான் அடிப்பார்கள். ஒரு பக்கத்துக்கு 6 பேர். அதில் ஒருவர் கோல் கீப்பர், இரண்டு பேர் தடுப்பு ஆட்டக்காரர்கள்.

தடுப்பு ஆட்டக்காரரின் வேலை கோல் போடுவது அல்ல. எதிரியைப் போட விடாமல் தடுப்பது. ஸ்வோபோடா அமெரிக்கா, கனடா கிளப்புகள் ஆடும் தேசிய ஆக்கி லீக்கில் 17 பருவங்கள், 1,028 ஆட்டங்கள் ஆடினார். அத்தனையிலும் அவர் போட்ட கோல் 58தான். அப்படிப்பட்டவரின் அடி அன்று வலைக்குள் விழுந்தது.

15 ஆண்டு ஜெயில்

அவர் ஏன் ஓடினார் என்பது தெரிய வேண்டுமானால், பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

செக் நாடும் ஸ்லோவாக்கியாவும் அப்போது செக்கோஸ்லோவாகியா என்று ஒரே நாடாக இருந்தன. 1948-ல் அங்கு கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. 1949-ல் உலக ஐஸ் ஆக்கி பட்டம் அந்த நாட்டுக்குக் கிடைத்தது. மறு ஆண்டு லண்டனில் போட்டி. ஆட்டக்காரர்கள் மூட்டை கட்டித் தயாராக இருந்தார்கள். கடைசி நேரத்தில், “போக வேண்டாம்” என்று அரசாங்கம் நிறுத்திவிட்டது. வெளியே போனால் திரும்ப மாட்டார்கள் என்ற பயம்!

ஆட்டக்காரர்களுக்கு ஆத்திரம். பிராக் நகரில் ஒரு மதுக்கடையில் கூடி, அரசாங்கத்தைத் திட்டினார்கள். போலீசார் அங்கேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் மாதம் தேசத்துரோக வழக்கு நடந்தது. உலகப் புகழ் பெற்ற கோல் கீப்பர் போகுமில் மோட்ரிக்கு 15 ஆண்டு ஜெயில். குஸ்தாவ் பூப்னிக்குக்கு 14 ஆண்டு. சிலர் யுரேனியம் சுரங்கத்தில் வேலை வாங்கப்பட்டார்கள். மோட்ரி 1955-ல் விடுதலை ஆனார். ஆனால் உடம்பு தேறவில்லை. 1963-ல் இறந்துபோனார்.

உலகப் பட்டம் வாங்கித் தந்த கைகளுக்கு விலங்கு! நாட்டில் ஆக்கி மட்டை பிடித்த ஒவ்வொரு பையனுக்கும் இந்தக் கதை தெரியும். வீட்டுக்குள் மெதுவாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரே கிளப், இரண்டு வழி

நாட்டின் வடக்கில் மோஸ்ட் என்று ஒரு நிலக்கரி ஊர் இருக்கிறது. கரி எடுப்பதற்காகப் பழைய ஊரையே இடித்தார்கள். அங்கே இருந்த மாதா கோவிலை மட்டும் இடிக்க மனம் வரவில்லை. 1975-ல் அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி 841 மீட்டர் தள்ளிக்கொண்டு போய் வைத்தார்கள். அந்த ஊரில் 1966-ல் பிறந்தவர் ஸ்வோபோடா. பக்கத்து ஊரான லிட்வினோவ் கிளப்பில் ஆடினார்.

அதே கிளப்பின் பெரிய நட்சத்திரம் இவான் ஹ்லிங்கா. 1972, 1976, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்ற கோஷ்டியில் இருந்தவர். அவருக்கும் வெளிநாட்டில் ஆட ஆசைதான். ஆனால் காத்திருந்தார். நாட்டுக்காக வேண்டிய மட்டும் ஆடி முடித்தவர்களை மட்டும், வயது ஏறிய பிறகு அரசாங்கம் வெளியே விடும். 1981-ல் அனுமதி கிடைத்து ஹ்லிங்கா கனடாவுக்குப் போனபோது அவருக்கு வயது 31. இரண்டு பருவங்கள்தான் அங்கு ஆட முடிந்தது.

ஸ்வோபோடா காத்திருக்கவில்லை. 1984-ல் இளைஞர் கோஷ்டியோடு மேற்கு ஜெர்மனிக்கு ஆடப் போனார். கோஷ்டி ஊருக்குத் திரும்பியது. அவர் திரும்பவில்லை! அப்போது அவருக்கு வயது 18.

அனுமதி இல்லாமல் வெளியே தங்குவது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். திரும்பி வந்தால் ஜெயில். ஓடியவர்களின் வீட்டுக்குப் போலீஸ் வரும். தம்பி, தங்கைகளின் படிப்புக்கும் வேலைக்கும் ஆபத்து. ஓடிப் போகிறவன் இத்தனையையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும். ஊரில் இருப்பவர்களை இனி எப்போது பார்ப்போம் என்று சொல்ல முடியாது. 18 வயதுப் பையன் எடுத்த முடிவு இது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் கிளப்புகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தன. மாண்ட்ரீல் கிளப் ஸ்வோபோடாவை ஐந்தாவது ஆளாக எடுத்துக்கொண்டது. 1986-ல் அந்த கிளப் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அவருக்கு அப்போது 20 வயது. பிறகு பபலோ, பிலடெல்பியா, டாம்பா ஆகிய ஊர்களின் கிளப்புகளிலும் ஆடினார்.

பூட்டி வைத்ததால் நாடு தோற்றுப்போனதா? அப்படியும் சொல்ல முடியாது. அவர் ஓடிய மறு ஆண்டே, 1985-ல், செக்கோஸ்லோவாகியா பிராக் நகரில் உலகப் பட்டத்தை வென்றது. நல்ல பயிற்சி இருந்தது. நல்ல கிளப்புகள் இருந்தன. ஆனால் பயிற்சி கொடுத்த அரசாங்கமே பயிற்சி பெற்றவனைக் கைதியாக்க நினைத்தது. அங்கேதான் கோளாறு.

நகானோவில் நடந்தது

1989 நவம்பரில் கம்யூனிஸ்டு ஆட்சி கவிழ்ந்தது. கதவு திறந்தது. 1993-ல் செக், ஸ்லோவாக்கியா இரண்டும் தனித்தனி நாடு ஆயின.

1998 ஒலிம்பிக்குக்காக, தேசிய ஆக்கி லீக் தன் ஆட்டங்களை முதல் தடவையாக நடுவில் நிறுத்தியது. அமெரிக்காவும் கனடாவும் லீக் ஆட்டக்காரர்களை வைத்தே கோஷ்டி கட்டின. செக் கோஷ்டியில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் லீக்கில் இருந்து வந்தவர்கள். மற்றவர்கள் ஐரோப்பாவில் ஆடியவர்கள். கோஷ்டியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? 31 வயது வரை காத்திருந்த அதே ஹ்லிங்கா!

அமெரிக்காவை 4-1 என்று தோற்கடித்தார்கள். அடுத்தது கனடா. ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது. பிறகு ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் தனித்தனியாக வந்து அடிக்க வேண்டும். கனடாவின் ஐந்து பேர் அடித்ததையும் கோல் கீப்பர் டொமினிக் ஹாசெக் தடுத்துவிட்டார். ராபர்ட் ரைகெல் ஒரு கோல் போட்டார். அவரும் லிட்வினோவ் கிளப்பில் வளர்ந்தவர்தான்.

கடைசியில் ரஷியா. அது வெறும் ஆட்டம் அல்ல. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் புகுந்ததை அந்த மக்கள் மறக்கவில்லை. 1969 மார்ச்சில் உலகப் போட்டியில் ரஷியர்களை இரண்டு தடவை ஜெயித்தபோது, ஜனங்கள் தெருவில் திரண்டு சோவியத் விமானக் கம்பெனியின் ஆபீசையே நொறுக்கினார்கள். 1998-ல் யாரும் எதையும் நொறுக்கவில்லை. பிராக் நகரின் பழைய சதுக்கத்தில் கூடி, ஹாசெக்கை ஜனாதிபதி ஆக்கச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள்! ஓடிப் போனவரும் அந்தக் கூட்டத்தின் முன் நின்றார். அவரை யாரும் தேசத்துரோகி என்று சொல்லவில்லை. 2004-ல் இந்த வெற்றியை வைத்து “நகானோ” என்று ஓர் இசை நாடகமே நடந்தது. அதே ஆண்டு ஹ்லிங்கா கார் விபத்தில் இறந்தார்.

ஸ்வோபோடா தலையில் பட்ட அடியால் 2000-01 பருவத்தோடு ஆட்டத்தை விட்டார். பிறகு ஆட்டக்காரர்களுக்காக கிளப்புகளோடு ஒப்பந்தம் பேசும் தொழிலுக்கு வந்தார். பெரிய நட்சத்திரமான யாரோமிர் யாகருக்கும் அவர்தான் பேசினார்.

இப்போது உள்ள சண்டை

இன்று செக் பையன்கள் 16 வயதிலேயே வெளிநாடு போகிறார்கள். டேவிட் பாஸ்டர்நாக் 2012-ல் சுவீடன் போனபோது அவருக்கு 16 வயதுதான். பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் கிளப்புக்குப் போனார். 2024 மே மாதம் பிராக் நகரில் உலகப் போட்டி நடந்தது. பாஸ்டன் கிளப் தோற்று வெளியேறியதும் அவர் ஓய்வு எடுக்காமல் விமானம் ஏறி வந்தார். இறுதி ஆட்டத்தில் ஸ்விட்சர்லாந்துக்கு எதிராக முதல் கோலை அவரே போட்டார். 2-0 வெற்றி. 14 ஆண்டுக்குப் பிறகு உலகப் பட்டம்.

ஆனாலும் உள்நாட்டு கிளப்புகளுக்குக் குறை உண்டு. ஐந்து வயதில் இருந்து பனிக்கட்டி மைதானம் கொடுத்து, பயிற்சி கொடுத்து வளர்க்கிறோம். ஆள் முற்றும் முன்பே பறந்துவிடுகிறான் என்கிறார்கள். அந்தக் குறை நியாயமானது. வளர்த்த செலவை, எடுத்துக்கொள்ளும் கிளப் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். 16 வயதில் போனவர்கள் எல்லோரும் பாஸ்டர்நாக் ஆகிவிடுவதும் இல்லை. பலர் இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பி வந்து, விட்ட இடத்தில் மறுபடியும் தொடங்குகிறார்கள். அவர்கள் வந்து சேர லிட்வினோவ் போன்ற சிறிய ஊர் கிளப்புகள் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் இப்போது அங்கே நடக்கும் பேச்சு.