கோடு கீறியபின் கேட்கும் சம்மதம்

புகையிரதத்தின் அருமையை எமது மக்களுக்கு எவரும் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. 1990இல் வவுனியாவுக்கு அப்பால் புகையிரதம் ஓடாமல் நின்றபோது தோட்டக்காரன் தன் விளைபொருளைச் சந்தைக்கு அனுப்பப் பட்டபாட்டை நாம் அறிவோம். 24 ஆண்டுகளின் பின், 2014 ஒக்டோபரில், யாழ்ப்பாணத்திற்கு மீண்டும் புகையிரதம் வந்தபோது தண்டவாள ஓரத்தில் நின்று கண்கலங்கியவர்களும் எம்மவரே. ஆகவே புகையிரதப் பாதை வேண்டாம் என்பதற்காக இதனை எழுதவில்லை. பாதை எவருடைய வயலின் ஊடாகப் போகிறது, அந்த வயற்காரனிடம் எப்போது கேட்கப்படுகிறது என்பதே எமது கேள்வி.

யாழ்ப்பாணப் பாதை முன்பு இருந்த இடத்திலேயே மீளப்போடப்பட்டது. முற்றிலும் புதிய பாதைக்கோ புதிய காணி வேண்டும். அதற்கான சம்மதம் எப்படிப் பெறப்படுகிறது என்பதை அறிய இங்கிலாந்தின் அனுபவம் நல்ல பாடமாகும். சட்டம் ஒழுங்காக நடக்கும் நாடென்று பெயர்பெற்ற இடத்திலேயே விவசாயிக்கு இவ்வளவுதான் கிடைத்தது என்றால், நாம் எங்கே விழிப்பாக இருக்கவேண்டும் என்பது தெளிவாகும்.

இலண்டனிலிருந்து பேர்மிங்காம் நகருக்கும், அங்கிருந்து வடக்கே மன்செஸ்டர் முதலிய நகரங்களுக்கும் அதிவேகப் புகையிரதப் பாதை ஒன்று திட்டமிடப்பட்டது. 2011இல் அரசாங்கம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. ஏறத்தாழ 55,000 பதில்கள் வந்தன. மிகப் பெரும்பாலானவை எதிர்ப்பாகவே இருந்தன. ஆயினும் 2012 சனவரியில் திட்டத்தை முன்னெடுக்க அரசாங்கம் முடிவுசெய்தது. கருத்துக் கேட்பது வேறு, சம்மதம் கேட்பது வேறு என்பது அன்றே புலனாயிற்று.

2013 நவம்பரில் பேர்மிங்காம் வரையிலான முதற் கட்டத்திற்குரிய சட்டமூலம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. அதனுடன் சேர்ந்த சுற்றாடல் அறிக்கை மட்டும் 50,000 பக்கமளவில் இருந்தது. மாடு கறந்து, விதைத்து, அறுவடை செய்யும் ஒருவன் அதனை எப்போது வாசித்து முடிப்பான்? 2014 ஏப்பிரலில் இரண்டாம் வாசிப்பில் 452 பேர் ஆதரவாகவும் 41 பேர் எதிராகவும் வாக்களித்தனர். பாதை வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு அத்துடன் முடிந்தது.

அதன்பின்னரே பாதிக்கப்பட்டவர்களின் முறை வந்தது. தம் காணியோ வீடோ நேரடியாகப் பாதிக்கப்படுபவர்கள் பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு மனுக்கொடுக்கலாம். சட்டத்தரணி இல்லாமலே தாமே நேரில் நின்று பேசலாம். ஏறத்தாழ 1,900 மனுக்கள் வந்தன. உறுப்பினர்கள் பாதை செல்லும் இடங்களுக்குச் சென்று பார்த்தனர். 2016 தொடக்கம் வரை இருந்து கேட்டனர். இது நல்ல வழக்கம் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். மனுக்களால் பயனும் விளைந்தது. சில்ற்றேன் குன்றுப்பகுதியில் சுரங்கப்பாதை இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் நீட்டப்பட்டது. ஆனால் அந்தக் குழுவின் முன் நின்று, "இந்தப் பாதையே வேண்டாம்" என்று ஒருவரும் வாதாட முடியாது. வேலியை எங்கே போடுவது, மாடு கடக்கப் பாலம் எங்கே, நட்டஈடு எவ்வளவு என்பவற்றையே பேசலாம்.

இதற்குப் பின் நடந்ததுதான் பெரிய பாடம். பேர்மிங்காமுக்கு வடக்கே குறூ வரையிலான பகுதிக்கும் 2021இல் சட்டம் நிறைவேறியது. காணிகளும் வீடுகளும் வாங்கப்பட்டன. 2023 ஒக்டோபரில், செலவு கட்டுக்கடங்காமல் போகிறதென்று, பேர்மிங்காமுக்கு வடக்கேயான பாதையை அன்றைய பிரதமர் கைவிட்டார். "நாட்டுக்கு இன்றியமையாதது" என்று சொல்லிப் பெற்ற காணிக்குப் பாதையே வரவில்லை. வேரோடு பிடுங்கிய குடும்பத்தைப் பழைய இடத்தில் நட்டால் அது முன்போலத் தழைக்குமா?

எமது நாட்டுக்கு வருவோம். இங்கும் புதிய பாதைகள் வருகின்றன. மாத்தறையிலிருந்து பெலியத்தை வரையிலான புதிய பாதை 2019 சனவரியில் திறக்கப்பட்டது. பாதைக்கானாலும் வேறு பொதுத்தேவைக்கானாலும் காணி எடுக்கப்படுவது 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின்படியாகும். 2ஆம் பிரிவின்கீழ் அப்பகுதியில் மூன்று மொழிகளிலும் அறிவித்தல் ஒட்டப்படும். 4ஆம் பிரிவின்கீழ் ஆட்சேபணை கேட்கப்படும். 5ஆம் பிரிவின்கீழ் பிரகடனம் வந்தபின், காணி பொதுத்தேவைக்கு வேண்டியதுதானா என்ற கேள்விக்கு அதுவே முடிந்த பதிலாகிவிடும். 7ஆம் பிரிவில் நட்டஈட்டுக் கோரிக்கை கேட்கப்படும். 38ஆம் பிரிவின்கீழ் அவசரமென்று அமைச்சர் கட்டளையிட்டால், நட்டஈடு தீர்மானிக்கப்படுமுன்னரே காணியைக் கையேற்கலாம்.

இங்கிலாந்தில் இரண்டாம் வாசிப்பு எதுவோ, இங்கு 5ஆம் பிரிவு அதுவே. அதற்கு முன் பேசாதவனுக்குப் பின்னர் பணத்தைப்பற்றி மட்டுமே பேசலாம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அறிவித்தல் ஊரில் ஒட்டப்படும். ஊரவர்களோ வேறிடத்தில் இருப்பார்கள். 2013 ஏப்பிரலில் வலிகாமம் வடக்கில் 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட காணியை இராணுவத் தேவைக்கு எடுப்பதாக 2ஆம் பிரிவு அறிவித்தல்கள் ஒட்டப்பட்டபோது, காணிக்காரர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தனர். ஆயினும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. உறுதிகளைத் தேடி எடுத்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்து நீதிமன்றத்துக்குச் சென்றனர். பின்வந்த ஆண்டுகளில் அக்காணிகளில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. அது புகையிரதப் பாதைக்கான காணி அல்ல. ஆனால் சட்டம் ஒன்றே, அறிவித்தல் தாளும் ஒன்றே.

எனவே எமது கருத்து இதுதான். சம்மதம் என்பது கோடு கீறுமுன் கேட்கப்படவேண்டியது. மாற்று வழிகள் இரண்டு மூன்றையாவது மக்கள்முன் வைத்து, அவர்கள் மொழியில், அவர்கள் வாழும் இடத்திற்கே வந்து விளக்கவேண்டும். ஊரில் இல்லாதவரை "காணிக்காரரைக் காணவில்லை" என்று எழுதி ஒதுக்கக்கூடாது. உறுதி உள்ளவரைப்போலவே குத்தகைக்கும் வாரத்துக்கும் செய்பவரையும் கணக்கில் எடுக்கவேண்டும். திட்டம் கைவிடப்பட்டால் காணியை முதலில் பழைய சொந்தக்காரருக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அரசாங்கம் இவற்றைச் செய்யும்வரை நாம் கைகட்டியிருக்கலாகாது. உறுதி, பெர்மிட், வரிப்பற்றுச்சீட்டு எதுவானாலும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி பெற முயலுங்கள். இப்போதைய விலாசத்தைப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்குங்கள். ஊரில் இருப்பவர் ஒருவரை அறிவித்தல்களைப் பார்த்துச் சொல்லும்படி நியமியுங்கள். நில அளவையாளர் வந்தார் என்று கேள்விப்பட்ட அன்றே கமக்காரர் அமைப்பைக் கூட்டுங்கள். ஆட்சேபணைக்குரிய காலம் இரண்டு வாரமளவு குறுகியதாகவும் இருக்கலாம்.

பாதை வரட்டும். அதில் எமது நெல்லும் வெங்காயமும் போகட்டும். ஆனால் அந்தப் பாதை எவன் வயலை ஊடறுத்ததோ, அவனும் தலைநிமிர்ந்து அதில் ஏறவேண்டும். அதற்கு அவனிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.