இழுப்பறையில் இருக்க வேண்டிய உதிரிபாகங்கள்



2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர் கொம்யூன் கிராமங்களையும் விட்டு வைக்கவில்லை. செலியமேட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த நாட்களில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் நன்றாக விற்றன. ஆனால் பிரிட்ஜில் இருந்த பாலையும் தயிரையும் சாக்கடையில் கொட்டினேன். மெழுகுவர்த்தியில் வந்த லாபம் பாலோடு போயிற்று.

இது எனக்குப் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தபோதும் மின்கம்பங்கள் சாய்ந்து ஊர் இருண்டு கிடந்தது. அப்போது எங்கள் தெருவில் வெல்டிங் வேலை செய்யும் ஒரு தம்பி, வயலில் சும்மா கிடந்த 5 குதிரைத்திறன் ஆயில் எஞ்சினையும் ஒரு பழைய ஆல்டர்னேட்டரையும் பெல்ட் போட்டு இணைத்தார். எஞ்சின் ஓடியது, ஆல்டர்னேட்டரும் சுழன்றது, கரண்ட் மட்டும் வரவில்லை. பிரித்துப் பார்த்தால் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. விரல் நுனியளவு கரித்துண்டு! அதை வாங்க, சாய்ந்த மரங்களைத் தாண்டி நகரத்துக்குப் போய்வர இரண்டு நாள் ஆயிற்று. அங்கும் வழக்கமான விலையைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். அவசரத்தில் வந்தவன் பேரம் பேசமாட்டான் என்று விற்பவருக்குத் தெரியாதா?

சொந்தமாக ஜெனரேட்டர் செய்வதைச் சிலர் பைத்தியக்கார வேலை என்பார்கள். அப்படியில்லை. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பாட்டரிக்கும் தடை இருந்தது. அங்குள்ள மக்கள் சைக்கிளை நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் ரேடியோ கேட்டார்கள். அவர்களால் அது முடிந்ததற்குக் காரணம் அறிவு மட்டுமல்ல. டைனமோ கைக்கெட்டும் தூரத்தில், வீட்டுச் சைக்கிளிலேயே இருந்தது. கருத்து எத்தனை நல்லதாக இருந்தாலும், சாமான் கிடைக்காவிட்டால் வேலை நடக்காது.

நம் பக்கத்தில் எஞ்சினுக்கும் கைவேலை தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. காயலான் கடையில் பழைய கார் ஆல்டர்னேட்டர் கிடைக்கும். நாலு பல்பும் ஒரு பாட்டரியும் அதற்குச் சுமையல்ல. பழைய மூன்று பேஸ் மோட்டாரில் கெப்பாசிட்டர் போட்டு, அதன் வேகத்துக்குச் சற்று மேலாகச் சுற்றினால் அதுவும் கரண்ட் தரும். தடைபடுவது எப்போதும் சின்ன சாமானில்தான்: கார்பன் பிரஷ், டையோடு, பேரிங், வி-பெல்ட், கெப்பாசிட்டர், பியூஸ். பெரிய சாமான் ஊரில் கிடக்கிறது. சின்னதற்குச் சென்னை ரிட்சி தெரு வரை போக வேண்டியிருக்கிறது.

ஏன் நாம் வைப்பதில்லை? "ஆறு மாதத்துக்கு ஒருவர் கேட்கும் சாமானில் முதலை முடக்கலாமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் கடை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். சித்தரத்தையும் கண்டந்திப்பிலியும் இருக்கும். மாதத்துக்கு நாலு பேர் கூட வாங்குவதில்லை. இருந்தும் வைத்திருக்கிறோம். நள்ளிரவில் குழந்தைக்கு இருமல் என்று கதவைத் தட்டுபவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக. பிறகு அவன் ஆயுளுக்கும் நம் வாடிக்கையாளன்.

ஒரே கடை எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம். கொம்யூனில் ஐந்து கடைகள் பொறுப்பெடுத்தால் போதும். ஒருவர் பிரஷும் பேரிங்கும், ஒருவர் கெப்பாசிட்டரும் டையோடும், ஒருவர் பெல்ட் எனப் பிரித்து வைக்கலாம். யாரிடம் எது உண்டு என்ற பட்டியல் எல்லாக் கடைகளிலும் தொங்கட்டும். சங்கத்தின் பெயரில் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின், எலக்ட்ரிக்கல் சாமானுக்கு 'புதுச்சேரி விலை' என்று நாம் பெருமைப்பட்டது பெரும்பாலும் போய்விட்டது. இனி நம் கடைக்கு ஆள் வர வேண்டுமானால், சாமான் கையில் இருப்பதும் விலை நேர்மையும்தான் காரணமாக முடியும். புயல் நாளில் விலையை ஏற்றுபவர் பட்டியலில் இருக்கக்கூடாது என்று முன்கூட்டியே முடிவெடுப்போம்.

விற்பவருக்கு இரண்டு பொறுப்புகள் உண்டு. ஒன்று, சாமானின் தரம். மோட்டாரைக் கிளப்பச் சில விநாடி மட்டும் வேலை செய்யும் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டரை, விலை மலிவு என்று தொடர்ந்து ஓடும் இடத்துக்குக் கொடுத்தால் அது சூடேறி வெடிக்கும். எதற்கு என்று கேட்டு விற்க வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, சேஞ்ச் ஓவர் சுவிட்ச். இதில் சிக்கனம் கூடாது. அது இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் செருகினால், கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறி, டிரான்ஸ்பார்மர் வழியே 11,000 வோல்ட்டாக மாறக்கூடும். லைன் இறந்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் மின்துறை ஊழியரின் உயிர் போகும். நமக்கு விளக்கு தரப் புயலில் உழைக்க வந்தவர் அவர். எந்த உதிரிபாகம் விற்றாலும் "சேஞ்ச் ஓவர் போட்டாச்சா?" என்று கேட்பதை வழக்கமாக்குவோம். எஞ்சினைக் கடைக்குள் வைத்து ஓட்டினால் புகையே ஆளைக் கொல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

அடுத்த மழைக்காலம் வருமுன் சங்கக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. வங்கக் கடலில் சின்னம் உருவான பிறகு கொள்முதலுக்குப் புறப்படுபவன் வியாபாரி அல்ல; அவனும் வாங்க வந்த கூட்டத்தில் ஒருவன்தான்.