வாக்கு மட்டும் போதுமா?

ஓர் உரிமை சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கும் உரியவனின் கையில் வந்து சேர்வதற்கும் இடையே எத்தனை காத தூரம் உண்டென்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ் மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தை நிறைவேற்றிய பாராளுமன்றம், அதற்குரிய ஒழுங்குவிதிகளை ஏற்றுக்கொள்வதற்கு 1966 வரை காத்திருந்தது. அந்த எட்டு ஆண்டுகளும் சட்டம் இருந்தது, உரிமை இருக்கவில்லை.

இன்று நாம் எழுதப்புகும் விடயம் மொழியைப் பற்றியதன்று. ஆயினும் கதை அதே கதைதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. விந்தை என்னவெனில், அதன் இலக்கமும் 28. பொதுக் கட்டடங்களுள் அவர்கள் தடையின்றிப் புகுவதற்கான ஒழுங்குவிதிகள் பத்து ஆண்டுகள் கழித்து, 2006இலேதான் பிறந்தன. அவையும் ஏட்டளவில் நின்றமையால், 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்டுக் கட்டளையிட நேர்ந்தது. அதே ஆண்டில் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. அதன் இலக்கமும் 28! அச்சட்டத்தின்படி, தாமாக வாக்கை அடையாளமிட இயலாத ஒருவர், தாம் நம்பும் ஒருவரை வாக்களிப்பு நிலையத்திற்கு உடன் அழைத்துச் செல்லலாம்.

நல்லது. ஆனால், வாக்களிப்பதோடு ஒரு பிரசையின் அரசியல் முடிந்துவிடுகிறதா? வாக்களிப்பவன் என்றும் வாக்களிப்பவனாகவே இருக்க வேண்டும், அவனை ஆளுபவன் வேறொருவனாகவே இருக்க வேண்டும் என்பது சனநாயகமாகுமா? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 29ஆம் உறுப்புரை, வாக்களிக்கும் உரிமையை மட்டும் பேசவில்லை. தேர்தலில் நிற்கும் உரிமையையும், பதவி வகிக்கும் உரிமையையும் சேர்த்தே பேசுகிறது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோரில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதோவொரு குறைபாட்டோடு வாழ்பவர்கள். தொகையில் ஏறத்தாழ 16 இலட்சம். எமது வடக்குக் கிழக்கிலே, எறிகணைக்கும் கண்ணிவெடிக்கும் கையையும் காலையும் கண்ணையும் பறிகொடுத்தோர் இல்லாத கிராமம் ஏது? இவர்களுள் வயல் செய்பவர் உண்டு. கடை நடத்துபவர் உண்டு. கைதடி நுபீல்ட் பாடசாலை போன்ற இடங்களிற் கற்றுத் தேறியவர் உண்டு. எங்கள் பிரதேச சபைகளில் இவர்களுள் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர் என்று வாசகர்கள் தங்கள் ஊரளவிலேனும் எண்ணிப் பார்க்கட்டும்.

வீதியும் வடிகாலும் சந்தையும் பொதுக் கழிப்பறையும் பிரதேச சபையின் பொறுப்புகள். ஊன்றுகோலோடு நடப்பவன் அந்தச் சந்தைக்குள் நுழைய முடியுமா என்ற கேள்வி, அவன் சபையில் இருந்தால் முதல் நாளே எழும். அவன் இல்லையேல் கட்டடம் திறந்து, பெயர்க்கல்லும் நாட்டிய பின்னரே எழும். “அவர்களுக்காக நாங்கள் பேசுகிறோமே, அவர்களுக்கு ஏன் தனி ஆசனம்?” என்று கேட்போர் உளர். உங்களுக்காக நாங்களே பேசுவோம் என்ற வாக்குறுதியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த ஓர் இனம், அதே வாக்குறுதியைத் தன்னுள்ளே வாழும் நலிந்தோருக்கு வழங்குவது நியாயமா?

தகுதி இல்லை என்பது மற்றொரு வாதம். இதுவும் பழைய வாதமே. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, எழுத்தறியாதவனுக்கு வாக்கு எதற்கென்று கற்றோர் பலர் கேட்டனர். எழுத்தறியாதவனை அரசு விலக்கி வைக்கவில்லை, முறையை மாற்றியது. முதலில் நிறங்களும் பின்னர் சின்னங்களும் வந்தன. இன்று பட்டதாரியும் சின்னத்தைப் பார்த்தே புள்ளடி இடுகிறார். குறை வாக்காளனிடத்தில் இருக்கவில்லை, முறையிலேயே இருந்தது. படியேற இயலாதவனின் காரியமும் அத்தகையதே. குறை அவன் காலில் இல்லை, படியில் இருக்கிறது.

சட்டம் தடுக்கிறதா? இல்லை. அரசியலமைப்பின் 12(4)ஆம் உறுப்புரை, பெண்கள், சிறுவர்கள், அங்கவீனர்கள் ஆகியோரின் முன்னேற்றத்திற்காக விசேட ஏற்பாடு செய்வதைச் சமத்துவ விதி தடுக்காதென்று தெளிவாகக் கூறுகிறது. பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடங்கள் என்ற ஏற்பாடு 2016இல் உள்ளூராட்சித் தேர்தற் சட்டத்திற் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் உள்ளூராட்சிச் சபைகளில் நூற்றுக்கு இரண்டு பேரும் தேறாதிருந்த பெண்கள், 2018 தேர்தலின் பின் நூற்றுக்கு இருபதைத் தாண்டினர். திறமையுள்ள பெண்கள் அந்த இரண்டாண்டில் முளைத்தவர்களல்லர். கதவுதான் புதிதாகத் திறந்தது.

வெளியே பார்ப்போம். உகண்டா தன் பாராளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஐந்து ஆசனங்களை ஒதுக்கியுள்ளது. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிப்பதற்கு 2025 ஏப்பிரலில் சட்டத்தைத் திருத்தியது. இங்கோ, 2024 பொதுத் தேர்தலின் பின் தேசிய மக்கள் சக்தியின் தேசியப் பட்டியல் மூலம் திரு. சுகத் வசந்த டி சில்வா பாராளுமன்றம் புகுந்தார். பார்வையற்ற ஒருவர் இலங்கைப் பாராளுமன்றத்தில் அமர்ந்தது அதுவே முதன்முறை. அதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவைப்படவில்லை. ஒரு கட்சியின் தீர்மானமே போதியதாயிற்று.

இதைத்தான் தமிழ்க் கட்சிகளின் முன் வைக்கிறோம். உள்ளூராட்சிச் சபை அங்கத்தவரில் நூற்றுக்கு 40 பேர் பட்டியல் வழி வருபவர்கள். சபைக்கு ஒரு மாற்றுத்திறனாளியையேனும் அப்பட்டியலிலிருந்து நியமிப்பதற்குக் கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை. இது எமது கையில் உள்ள காரியம். சட்டத்தால் ஆசனம் ஒதுக்குமாறு பாராளுமன்றத்திற் கோருவது அதற்கடுத்த காரியம். தான் செய்யாததை மற்றவரிடம் கேட்பவனின் கோரிக்கைக்கு வலுவில்லை.

வாசகர்களுக்கும் கடமை உண்டு. கமக்காரர் அமைப்புகள் தம் கூட்டங்களைப் படியில்லாத மண்டபத்தில் வைக்கட்டும். தேர்தலில் உதவியாளரை அழைத்துச் செல்வதற்கு வேண்டிய சான்றிதழைக் கிராம உத்தியோகத்தர், அரசாங்க வைத்தியர் ஆகியோரிடமிருந்து பெற்றுக்கொடுக்க, சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் தத்தம் ஊரில் முன்வரட்டும். கட்சிக் கிளைகள் செவிப்புலனற்றவருக்குச் சைகை மொழி பெயர்ப்பாளர் ஒருவரைக் கூட்டத்திற்கு அழைக்கட்டும்.

எமக்குரிய ஆசனத்தை எமக்குத் தா என்று கேட்டு வளர்ந்தது எமது அரசியல். அந்த வார்த்தையை இன்று எம்மவரே எம்மிடம் கேட்கின்றனர். அடுத்த பட்டியல் எழுதப்படும் நாளில், கட்சிகளின் விடையை நாம் பெயர் பெயராக வாசிப்போம்.