ஹார்மோன் தலையெழுத்து அல்ல

கருவிலேயே டெஸ்டோஸ்டிரோன் பாய்ந்த மூளை ஆண் மூளை, பாயாதது பெண் மூளை. ஆகவே பையனுக்குக் கணக்கும் இயந்திரமும் இயல்பாக வரும், பெண்ணுக்குப் பரிவும் பேச்சும் இயல்பாக வரும் என்ற நம்பிக்கை இன்று படித்தவர்களிடமே வேரூன்றிவிட்டது. பிள்ளை எந்தப் படிப்பில் சேர்வது என்பதிலிருந்து வீட்டில் யார் குழந்தையைப் பார்ப்பது என்பது வரை இதை வைத்தே பேசி முடித்துவிடுகிறார்கள். ‘அறிவியலே சொல்லிவிட்டது’ என்பதால் எதிர்த்துப் பேசுபவர் வாயடைத்துப் போகிறார். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளை எடுத்துப் படித்தாலே அது நிற்காது.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் 1959இல் ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் ஆகிய நால்வர் கன்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வு. சினையாக இருந்த கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்த பிறகு, பெண் ஹார்மோன்கள் கொடுத்தும்கூட, இணை சேர்வதற்காக முதுகை வளைத்து நிற்பது வெகுவாகக் குறைந்தது; ஆணைப்போல மற்றவற்றின் மேல் ஏறுவது கூடியது. 1978இல் ரோஜர் கோர்ஸ்கியின் குழு, எலியின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு நரம்பணுத் திரள் ஆணுக்குப் பெண்ணைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பதையும், பிறந்ததையொட்டிய நாட்களில் கிடைக்கும் ஹார்மோன் அதன் அளவை மாற்றுவதையும் காட்டியது. இரண்டும் உறுதியான கண்டுபிடிப்புகள், இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கே அளக்கப்பட்டவை இணைசேரும் நடத்தையும், பட்டாணியளவுகூட இல்லாத ஒரு திரளும்தான். இதிலிருந்து மனிதப் பிள்ளையின் கணக்கு அறிவுக்குத் தாவுவதற்கு இடையில் பாலமே கிடையாது.

எலிக்குள்ளேயே கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. எலியின் மூளைக்குள் நுழையும் டெஸ்டோஸ்டிரோனை அரோமடேஸ் என்ற நொதி எஸ்ட்ராடியோலாக மாற்றுகிறது. பெண் ஹார்மோன் என்று நாம் பெயர் சூட்டிய அந்தப் பொருள்தான் அங்கே ஆணுக்குரிய மாற்றங்களில் பெரும்பகுதியைச் செய்கிறது. அடுத்து, சீலியா மூர் என்ற ஆய்வாளர் தாய் எலிகளைக் கூர்ந்து பார்த்தார். தாய் தன் குட்டிகளின் பின்புறத்தை நக்கிச் சுத்தம் செய்யும்போது பெண் குட்டிகளைவிட ஆண் குட்டிகளை அதிக நேரம் நக்குகிறது. ஹார்மோனால் மாறும் சிறுநீர் வாசனைதான் அதற்குக் காரணம். தாயின் மோப்பத்தைத் தடுத்தபோது நக்குவது குறைந்தது. அப்படி வளர்ந்த ஆண் குட்டிகளின் முதுகுத்தண்டில், இனப்பெருக்கத் தசைகளை இயக்கும் நரம்பணுக்களின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது என்று 1992இல் மூரும் சகாக்களும் எழுதினார்கள். ஹார்மோனின் வேலையில் ஒரு பங்கு தாயின் நாக்கின் வழியாகவே நடக்கிறது என்பது இதன் பொருள். எலிக்கே வளர்ப்பை ஒதுக்கிவிட்டு உடலை மட்டும் பேச முடியாது என்றால், பிறந்த நொடியிலிருந்து ‘பையனா, பொண்ணா’ என்று கேட்டுக் கேட்டு வளர்க்கப்படும் மனிதக் குழந்தைக்கு எப்படி முடியும்?

மனிதர்களிடம் கிடைக்கும் வலுவான சான்று, பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்ற நிலையோடு பிறக்கும் பெண்கள். ஏறத்தாழ 15,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இது நேர்கிறது. கருவிலேயே ஆண் ஹார்மோன் மிகுதியாகக் கிடைத்த இச்சிறுமிகள் மற்ற சிறுமிகளைவிட அதிகமாகக் கார், லாரி பொம்மைகளை நாடுவதை 1992இல் பெரன்பாமும் ஹைன்ஸும் காட்டினார்கள். பின்வந்த ஆய்வுகளும் அதை உறுதி செய்தன. ஆரம்பகால ஹார்மோன் மனித விருப்பங்களைத் தொடுகிறது என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் இதே பெண்களில் மிகப் பெரும்பாலோர் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்து வளர்கிறார்கள். கணக்கில் அவர்கள் மற்ற பெண்களை விஞ்சவும் இல்லை. டெஸ்டோஸ்டிரோன்தான் கணித மூளையை உண்டாக்குகிறது என்றால், அது முதலில் தெரிந்திருக்க வேண்டிய இடம் இதுதான். இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்காவில் 13 வயதுக்குள், கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வின் கணிதப் பகுதியில் 700 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களில் ஒரு சிறுமிக்கு 13 சிறுவர்கள் இருந்ததாக 1983இல் பென்போவும் ஸ்டான்லியும் அறிவித்தார்கள். சில பத்தாண்டுகளுக்குள் அந்த விகிதம் ஏறக்குறைய நான்குக்கு ஒன்றாகச் சரிந்தது. அதற்குள் கருவறை மாறிவிடவில்லை. பள்ளியும் வீடும்தான் மாறின.

ஸ்கேனைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று கணினி சொல்லிவிடுகிறதே என்று கேட்பார்கள். சொல்கிறது, ஆனால் ஆண்களின் மூளை சராசரியாகச் சற்றுப் பெரிது என்பதே அதற்குப் பெரிதும் உதவுகிறது. தலையின் அளவைச் சரிக்கட்டினால் அந்தத் துல்லியம் குறைகிறது. தவிர, மூளையிலிருந்து பாலினத்தை ஊகிப்பது ஒன்று, பாலினத்திலிருந்து ஒருவரின் மூளையை ஊகிப்பது வேறு. 2015இல் டாஃப்னா ஜோயலின் குழு 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்தபோது, எல்லாக் கூறுகளிலும் ஒரே பக்கம் சாய்ந்த மூளைகள் அரிதாகவே கிடைத்தன. பெரும்பாலான மூளைகள் ஆண்களிடம் மிகுந்த கூறுகளும் பெண்களிடம் மிகுந்த கூறுகளும் கலந்தவை. அப்படியானால் எல்லாமே வளர்ப்புதானா என்பது அடுத்த கேள்வி. இல்லை. எந்தக் குழந்தையையும் எந்தப் பாலினமாகவும் வளர்த்துவிடலாம் என்று நம்பிய உளவியலாளர் ஜான் மணியின் கோட்பாடு, பெண்ணாக வளர்க்கப்பட்ட ஒரு சிறுவனின் வாழ்க்கையைச் சிதைத்து, பொய்த்தும் போனது. உடலை மறுப்பதும் கொடுமைதான். ஆனால் உடலுக்குப் பங்குண்டு என்று ஒப்புக்கொள்வதும், அந்தப் பங்கையே ஒருவரின் எல்லையாக்குவதும் ஒன்றாகிவிடாது.

சராசரிகளைப் பற்றிய ஒரு செய்தியைத் தனி மனிதர் மேல் தீர்ப்பாக எழுதுவதுதான் இங்கே நடக்கும் அநீதி. ஆய்வாளர் எலியைப் பற்றி எழுதினார். அதை நாம் நம் மகளின் மேல் ஏற்றுகிறோம். அவள் எதில் தேறுவாள் என்பதை எந்த ஹார்மோன் அளவும் முன்கூட்டிச் சொல்லாது. அவளுக்குக் கணக்கு வருமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே பொறுமையோடு அவளுக்கும் சொல்லிக்கொடுப்பது. அதைச் செய்து பார்க்காதவர்களுக்கு அறிவியலைச் சாட்சிக்கு அழைக்கும் உரிமை கிடையாது.