திண்ணை எந்தப் பக்கம்?

தொலைத்தொடர்புத் துறை 2025 மே 16 அன்று வெளியிட்ட முன்வரைவை இணைய இணைப்பு கொடுக்கும் உங்களில் பெரும்பாலோர் படித்திருப்பீர்கள். வைஃபைக்கு 6 கிகாவில் 5925 முதல் 6425 வரை 500 மெகாஹெர்ட்ஸ், உரிமம் இல்லாமல். திறன் வீட்டுக்குள் 30 டிபிஎம் வரை, வெளியே 14 டிபிஎம் வரை. அமெரிக்கா 2020-இலேயே 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது, ஐரோப்பா அடுத்த ஆண்டு 480 கொடுத்தது. நாம் 2025-இல்தான் முன்வரைவுக்கே வந்தோம். 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ இந்தியாவுக்கு வராததற்கு இந்த அலைவரிசையை இங்கே அனுமதிக்காததுதான் காரணம் என்று சோனியே சொன்னது. நம் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்தது அப்போதுதான்.

வரவேற்கிறோம். உட்புறத்துக்குக் கொடுத்திருக்கும் 30 டிபிஎம், ஐரோப்பாவின் 23-ஐ விடத் தாராளம்தான்.

இனி வாடிக்கையாளர் 6 கிகாவும் சேர்ந்த ட்ரை-பேண்ட் ரூட்டர் வாங்கலாமா என்று கேட்பார். சேத்தியாத்தோப்பு, புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் இணைப்பு கொடுப்பவர்கள் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11 டிபிஎம் என்ற கட்டு இருப்பதால் 80 மெகாஹெர்ட்ஸ் சேனலிலேயே 30 டிபிஎம் நிரம்பிவிடுகிறது. சேனலை அகலமாக்கினால் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸின் பங்கும் குறையும்: 160-இல் 8, 320-இல் 5. அந்த 320-ஐயும் இந்த 500-க்குள் ஒன்றோடொன்று மோதாமல் ஒன்றுதான் வைக்க முடியும். வைஃபை 7 அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகம் அந்த ஒரு சேனலை நம்பி எழுதியது. அந்த ரூட்டருக்குப் பின்னால் 100 எம்பி போர்ட் உள்ள பழைய ஓஎன்யூ (ஃபைபர் முனைப் பெட்டி) இருந்தால் பேச்சே வேண்டாம்.

இதெல்லாம் கணக்கு, சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது உள்ளே, வெளியே என்ற பிரிவு. உள்ளே 1 வாட், வெளியே 25 மில்லிவாட். நாற்பதில் ஒரு பங்கு.

நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் ஆள் புழங்கும் இடம் எது? காலையில் திண்ணை, மதியம் வேப்பமரத்தடி, பொழுது சாய்ந்தால் வாசல், கோடை இரவில் மொட்டை மாடி. கேமரா இருப்பது மாட்டுக் கொட்டகையிலும் மோட்டார் கொட்டகையிலும். நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸிலும் வீட்டைச் சுற்றித் தோட்டம், பாதிப் புழக்கம் வெளியே. ரூட்டரைக் கூடத்தில் மாட்டினால் ஒன்றரைக் கல் சுவரைத் தாண்டி 6 கிகா திண்ணைக்கு வராது. சுவரே இல்லாவிட்டாலும் 2.4-ஐ விட 8 டிபி கூடுதல் இழப்பு. சரி, இரண்டாவது ஆக்சஸ் பாயின்டைத் திண்ணையில் மாட்டுவோம். அது 1 வாட்டா, 25 மில்லிவாட்டா? மேலே ஓடு இருக்கிறது, முன்னால் சுவர் இல்லை. மூன்று பக்கம் கீற்று மறைத்த கொட்டகைக்கு எந்தக் கணக்கு?

நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கும் அடுக்ககத்தை மட்டுமே வீடு என்று நினைத்து விதி எழுதுகிறார்கள். இது முதல் தடவையும் இல்லை. 5 கிகாவில் 2005-இல் வீட்டுக்குள் மட்டும் என்று கொடுத்ததை வெளியிலும் விரிவாக அனுமதிக்க 2018 அக்டோபர் வரை காத்திருக்க வைத்தார்கள். அந்தப் பதின்மூன்று வருடமும் வாசலில் சிக்னல் வரவில்லை என்று திட்டு வாங்கியவர் டெல்லி அதிகாரி அல்ல, நம் லைன்மேன். 2 எம்பிபிஎஸ் வந்தாலே பிராட்பேண்ட் என்று 2023 ஜனவரியில் அறிவித்ததும் இதே துறைதான். 6425-க்கு மேலே உள்ள 700 மெகாஹெர்ட்ஸையும் கைபேசிச் சேவைக்கென்று எடுத்து வைத்தாயிற்று. அங்கே கேட்பவர் பெரியவர், உடனே காது கேட்கிறது.

இந்த உள்ளே, வெளியே விதி மாறும் வரை வாடிக்கையாளருக்கு நாம் சொல்ல வேண்டியது: எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டாக உள்ள டூயல்-பேண்ட் வைஃபை 6 ரூட்டர் போதும். ஓஎன்யூவை பிரிட்ஜ் மோடில் போடுங்கள். மிச்சமாகும் பணத்தில் திண்ணைக்கும் மாடிக்கும் கேட் 6 இழுங்கள். முழுத் தாமிரம்தான் வேண்டும், தாமிரம் பூசிய அலுமினியக் கேபிளைத் தொடாதீர்கள். அதன் நுனியில் ஒரு ஆக்சஸ் பாயின்ட். 2.4-இல் வெளியே வைக்கவும் தடையில்லை, 4 வாட் வரை இடமும் உண்டு.

6 கிகா அலைவரிசையில் முன்பே இருப்பவை செயற்கைக்கோள் மேலிணைப்பும் நுண்ணலை இணைப்புகளும். அவற்றுக்கு இடைஞ்சல் கூடாது என்பது நியாயம். ஆனால் கைக்கெட்டும் உயரத்தில், கூரைக்குக் கீழே, தெருவைப் பார்த்து வைக்கும் பெட்டியைக் கோபுரத்து ஆன்டெனாவோடு ஒரே தட்டில் நிறுத்தக் கூடாது. வீட்டோடு ஒட்டி, மேலே கூரை போட்ட இடம் எல்லாம் உட்புறக் கணக்கில் வரும் என்று விதியில் தெளிவாக எழுத வேண்டும்.

முன்வரைவுக்குக் கருத்துச் சொல்ல 30 நாள்தான் அவகாசம் கொடுத்தார்கள், அது 2025-இலேயே முடிந்துவிட்டது. அதற்காக, நம் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பகுதி வீடுகளின் திண்ணை, கொட்டகைப் படங்களோடு ஆளுக்கொரு கடிதம் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் பவனுக்குப் போகட்டும்.