பெயரெழுத மறுக்கும் கைகள்

வீட்டுவேலை செய்தோரைப் பற்றி ஆவணங்கள் இல்லை. ஆகவே அவர்களுக்கு வரலாறும் இல்லை. புனைவாளனின் கருணையே அவர்களுக்குக் கதி. இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. உருக்கமான வாதந்தான், ஆனால் உண்மையன்று.

1777-இல் அமெரிக்கப் போர்ச் செலவை ஈடுகட்ட, பிரிட்டிஷ் பிரதமர் நார்த் பிரபு ஆண் வீட்டுப் பணியாளர்கள்மீது வரி விதித்தார். ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஒரு கினி. செலுத்த வேண்டியவர் எஜமானர். 1785-இல் பெண் பணியாளர்களும் இவ்வரிக்குள் வந்தனர். பெண்களுக்கான வரி 1792-இல் நீங்கியது. ஆண்களுக்கானது 1937 வரை நீடித்தது. ஸ்காட்லாந்தில் எஞ்சியுள்ள பட்டியல்களில் எஜமானரின் பெயரோடு பணியாளரின் பெயரும் இருக்கிறது. கருணையால் எழுதிய பெயர்கள் அல்ல இவை. பணியாளர் ஆடம்பரத்தின் அடையாளம், ஆகவே எண்ணப்பட்டார். உழவுக்கு அமர்த்தப்பட்டவருக்கு வரியில்லை. அதனால் பட்டியலில் இடமும் இல்லை.

நம் பக்கத்துச் சான்றும் உண்டு. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்தில் கவிமணி கண்டெடுத்து, பின்னர் அ.கா. பெருமாள் பதிப்பித்த முதலியார் ஓலைகளில் அடிமை விற்பனை ஓலைகளும் அடக்கம். மனிதரை விற்றவன் அதை ஓலையில் எழுதி வைத்தான். நாளை வழக்கு வந்தால் தன் உடைமையை நிறுவ அவனுக்கு அது தேவைப்பட்டது.

இரண்டுக்கும் பொதுவிதி ஒன்றே. எழுதுவதால் ஆதாயம் உண்டென்றால் அதிகாரம் எழுதும்; எழுதினால் பொறுப்பு வந்து சேருமென்றால் எழுதாது. ஆவணமின்மை என்பது காலம் செய்த கோலமன்று, வீட்டுக்காரர் செய்த தேர்வு.

வரிப்பட்டியல் எஜமானனின் தாள், அதில் பணியாளரின் குரல் எங்கே என்று நண்பர்கள் கேட்கலாம். குரல் இல்லைதான். ஆயினும் பெயர் இருந்தால் பேரன் பேத்தி தேடி வர ஒரு வழியிருக்கும். நம் சிறுகதைகளில் வந்துபோகும் எத்தனை ‘வேலைக்காரிகளுக்கு’ அந்தப் பெயராவது உண்டு?

நாம் வாழும் நெய்வேலிக்கு வருவோம். நிலக்கரி நிறுவனம் தோன்றிய 1956-க்குப் பிறகு எழுந்த நகரியம் இது. இங்கே வட்டத்துக்கு எண் உண்டு, குடியிருப்புக்கு எண் உண்டு, நிறுவன ஊழியருக்கும் எண் உண்டு. சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியலில் வந்து அதே குடியிருப்புகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு என்ன உண்டு? நம் வீட்டையே சோதித்தோம். பால் கணக்குக்கு நோட்டு இருக்கிறது. சலவைக் கணக்குக்கும் இருக்கிறது. ஆண்டுக்கணக்காக வரும் அந்த அம்மாளின் முழுப்பெயர் எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை. தமிழ் இலக்கியம் கற்பிக்கும் வீட்டின் இலட்சணம் இது.

வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியத்தைத் தமிழக அரசு 2007-இலேயே அமைத்துவிட்டது. அதில் பதிந்திருக்கிறாரா என்று அவரிடம் ஒருமுறையேனும் கேட்டோமா? ஊதியத்தையும் விடுப்பையும் தேதியிட்டு எழுதி, ஒரு படியை அவர் கையில் கொடுத்தோமா? போருக்குப் பணம் தேடிய அரசு எழுதியது. அடிமை விற்றவனும் எழுதினான். அறம் பேசும் நாம் மட்டும் எழுதவில்லை. முதலில் பால் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டை வைப்போம். புனைவின் கருணையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.