கட்டடம் வந்துவிட்டது, இயக்கம் எங்கே?

யாழ். நகரில் புல்லுக்குளத்தின் ஓரமாக நின்றால் இரண்டு கட்டடங்கள் கண்ணில் படும். ஒன்று வெள்ளை நிறப் பொது நூலகம். மற்றது இந்திய நிதியுதவியில் எழுந்த உயரமான பண்பாட்டு மையம். 2025 ஜனவரியில் அந்த மையத்துக்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டபோது யாழ்ப்பாணம் என்ற சொல் காணாமற் போனது. எதிர்ப்புக் கிளம்பியது. பின்னர் அந்தச் சொல் மீண்டும் சேர்க்கப்பட்டது. எல்லோரும் பெயர்ப்பலகையைப் பற்றியே பேசினோம். அதற்குள் நிகழப்போகும் பண்பாடு எங்கிருந்து வரும் என்று நாங்கள் போதியளவு கேட்கவில்லை என்பதே என்னுடைய கவலை.

எமது கலை வரலாற்றில் கட்டடம் முதலில் வந்ததில்லை. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. சாதி ஒடுக்குமுறையை அனுபவித்தவர்களே அதை எழுதத் தொடங்கினார்கள். கே. டானியல் எழுதினார். சிகையலங்காரத் தொழிலாளியான டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கினார். ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் நடந்த காலத்தில் ‘கந்தன் கருணை’ நாடகம் கூத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தது. 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தின் சாதியையும் சீதனத்தையும் ‘பொன்மணி’ என்ற திரைப்படத்தில் காட்டினார். இலக்கியத்தில் எழுந்த கேள்வி நாடகத்துக்கும் திரைக்கும் நகர்ந்தது. அந்தக் கேள்வி ஊருக்குள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அதனாற்தான் அது கலையாக முடிந்தது.

நூலகமும் அப்படித்தான் வந்தது. 1933இல் க.மு. செல்லப்பா தன்னுடைய வீட்டில் தொடங்கிய சிறு முயற்சி அது. பொதுமக்கள் சேர்ந்து அதை வளர்த்தார்கள். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிட மரபைத் தழுவி வடிவமைத்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. அதாவது ஒரு சமூகத்தின் வாசிப்பு ஆசை கால் நூற்றாண்டு காத்திருந்து கல்லாகியது. 1981இல் எரிக்கப்பட்டது ஏறக்குறைய 97,000 நூல்கள் மட்டுமல்ல என்று எங்கள் மக்கள் சொல்வது இதனால்தான். அந்த நெருப்பைப் பற்றி எம்.ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ ஈழத்துக் கவிதையின் போக்கையே மாற்றியவற்றுள் ஒன்று. 1985இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு வந்தது. அதே ஆண்டில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் மக்களிடம் போனது.

இன்றைய நூலகம் அழகானது. ஆனால் அதற்குள் போகும்போதெல்லாம் என் கண்கள் கரிந்த ஒரு சுவரைத் தேடுகின்றன. 2009க்குப் பின் பிறந்த பிள்ளை அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறது. எரிந்த கதையை அந்தப் பிள்ளைக்குக் கட்டடம் சொல்லாது. வெள்ளை பூசுவதும் ஒரு வகைக் கட்டடக்கலைதான். அது மறதியின் கட்டடக்கலை.

மாறாக, யாழ். பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியைப் பாருங்கள். 2021 ஜனவரியில் இரவோடிரவாக அது இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாயிலில் அமர்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். சில நாட்களில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டிலேயே தூபி மீண்டும் எழுந்தது. கட்டடம் சிறியது, ஆனால் அதற்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. எனவே அதை இடித்தவர்களால் அதை இல்லாமற் செய்ய முடியவில்லை.

இந்த அளவுகோலால் பார்த்தால் பண்பாட்டு மையத்தின் நிலை என்ன? அது ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுத்த பரிசு. பரிசை நிராகரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல அரங்கு எமக்குத் தேவை. ஆனால் முல்லைத்தீவிலிருந்து வரும் கூத்துக் கலைஞருக்கும், கைப்பேசியில் குறும்படம் எடுக்கும் இளையோருக்கும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கும் அந்த அரங்கு எட்டாத உயரத்தில் இருக்கக்கூடாது. அங்கே என்ன மேடையேறலாம் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் எமது கலைஞர்களும் இருக்கவேண்டும். அன்றி அது அரச விழாக்களின் மண்டபமாகவே மிஞ்சும்.

பெயர்ப்பலகையில் யாழ்ப்பாணத்தை மீட்டுவிட்டோம். இனி மேடையில் மீட்கவேண்டும். அதை எந்தத் தூதரகமும் எமக்குச் செய்து தராது.